ஒன்றரை மணிக்குப் பிறகு அவன் யாருடைய பிள்ளை?

"குழப்படிக்காரன்" என்று ஒரு பிள்ளைக்குப் பெயர் விழுந்துவிட்டால், பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் அந்தப் பெயர் போகாது. பெயர் வைக்கிற நாம யாரும் ஒரு கேள்வியைக் கேட்கிறதில்லை. பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவன் யாரோட இருக்கிறான்?

மாத்தளையில் இறத்தோட்டை, எல்கடுவ, உக்குவளைப் பக்கத் தோட்டங்களை எடுத்துக்கொள்ளுங்க. பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடும். அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு மலையிலிருந்து இறங்க நாலரை, ஐந்தாகும். அப்பா பல வீடுகளில் கொழும்பில். இடையில் மூன்று மணித்தியாலம். ஒரு இடத்தில் ஐந்து நிமிடம் இருக்க முடியாத, கோபம் வந்தால் கல்லெடுக்கிற பிள்ளைக்கு அது ரொம்ப நீளமான நேரம். லயத்தில் பாட்டி இருந்தால் பார்த்துக்கொள்வார். இல்லையென்றால் ரோடுதான்.

ஐந்து வயது வரைக்கும் பிள்ளைக் காம்பரா இருக்கிறது. தாய் மலைக்குப் போனால்தான் கொழுந்து வரும் என்று கம்பெனிக்குத் தெரியும். ஆனா ஆறு வயதானதும் பிள்ளை தானாகவே வளர்ந்துவிடுமாம். டியூஷனுக்கு அனுப்பினால், "மற்றப் பிள்ளைகளைக் கெடுக்கிறான்" என்று முதலில் வெளியே அனுப்பப்படுவது இவன்தான். யாருக்கு ஆள் அதிகம் தேவையோ, அவனுக்குத்தான் ஆளில்லை.

இதற்கு ஊர் சொல்கிற தீர்ப்பு இரண்டு. ஒன்று, "தாய் கவனிக்கிறதில்ல." அந்தத் தாய் ஒன்றரைக்கு இறங்கினால் அன்றைக்கு அரைப்பேர். பிள்ளையைப் பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனால் அந்த நாள் பேரே இல்லை, பஸ் காசு வேற. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாயாவதற்கே எத்தனை வருடம் ரோட்டில் நின்றோம்?

இரண்டாவது, "நாலு அடி போட்டா சரியாகும்." கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை பள்ளிக்கூடத்தில் அடிப்பதைத் தடை செய்கிறது. ஆசிரியர் அறைந்து மாணவனின் காது பாதிக்கப்பட்ட வழக்கில், அது அடிப்படை உரிமை மீறல் என்று 2021இல் உயர் நீதிமன்றம் சொன்னது. சட்டம் இருக்கட்டும். பிள்ளைக்குக் காது கேட்காததா, வெளிநாடு போன அம்மாவை நினைத்து ஏங்குகிறானா, கவனத்தை நிறுத்த முடியாத சிக்கலா என்று பிரம்புக்குத் தெரியுமா?

தமிழ்நாட்டில் 2021இல் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கினார்கள். கொரோனாவில் விட்டுப்போன படிப்புக்காக வந்த திட்டம் அது. அந்தந்த ஊர் ஆட்களே மாலையில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள், மாதம் 1000 இந்திய ரூபாய் ஊக்கத்தொகைக்கு. அந்தத் தொகை போதாது என்பது வேறு விஷயம். ஆனா பின்னேரத்துக்கு ஊருக்குள்ளேயே ஆள் கிடைக்கும் என்று அது காட்டியது. உயர்தரம் முடித்துவிட்டு வீட்டிலிருக்கிற அக்காமார் நம்ம தோட்டங்களில் இல்லையா?

கேட்க வேண்டியது பெரிசா ஒன்றுமில்லை. பிள்ளைக் காம்பராவையோ பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றையோ ஐந்து மணி வரை திறந்து வையுங்க. பத்துப் பிள்ளைக்குப் பயிற்சி பெற்ற ஒருவர், ஒழுங்கான சம்பளத்தோட. தினமும் அதே ஆள், அதே நேர ஒழுங்கு. முதலில் சாப்பாடு, பிறகு ஓடி விளையாட்டு, அதற்குப் பிறகுதான் கொப்பி. குழப்படி என்று யாரையும் வெளியே அனுப்பக் கூடாது. செலவைக் கம்பெனியும் அரசும் ஏற்க வேண்டும். நன்கொடைக்காரர் படம் பிடித்துவிட்டுப் போகிற மூன்று மாதத் திட்டம் எங்களுக்கு வேண்டாம்.

சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகிற தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் இந்த மூன்று மணித்தியாலம் இருக்கிறதா? உங்க தோட்டத் தலைவரிடம் கேளுங்க. இல்லையென்றால் எழுத வையுங்க.