பின்வாங்கியும் போரிட்ட பீரங்கிகள்

போர்ச் சரித்திரம் பயிலும் மாணாக்கர் பெரும்பாலும் சேனாதிபதிகளின் பெயர்களையும் வெற்றி தோல்விகளையும் மனனஞ் செய்வதோடு அமைந்துவிடுகின்றனர். அணிவகுத்து நின்றோர் யாவர், எங்ஙனம் படைவீரராயினர் என நாம் வினவுவது அரிது. ஆதலின், அமெரிக்க உள்நாட்டு யுத்தத்திற் பங்குகொண்ட ஒரு சிறு தொண்டர் படையின் வரலாற்றை இவ்வாரம் வாசகர்முன் வைக்கின்றோம்.

அடிமை முறையை மூலகாரணமாகக் கொண்டு மூண்ட அந்த யுத்தம் 1861 முதல் 1865 வரை நீடித்தது. 6 இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. அமெரிக்க அரசிடம் அதன் தொடக்கத்தில் இருந்த நிரந்தரச் சேனை மிகச் சிறியது. ஆகவே சனாதிபதி லிங்கன் தொண்டர்களையே நம்பவேண்டியவரானார். 1862 யூலையில் 3 இலட்சம் பேர் வேண்டுமென அவர் விடுத்த அழைப்பையொட்டி, மசாச்சுசெற்ஸ் மாநிலத்தில் 9ஆவது இலகு பீரங்கி அணி திரட்டப்பட்டது. சேர்ந்தவர்கள் மூன்றாண்டுச் சேவைக்கு ஒப்பமிட்டனர்.

ஆர்வம் இருந்தது, பயிற்சி இல்லை. 1863 பெப்ருவரியில் யோன் பிகலோ என்னும் இளைஞர் கப்டனாக வந்தார். ஹாவாட் கல்லூரிப் படிப்பின் இறுதியாண்டில் யுத்தஞ் சென்று, ஏலவே களங்கண்டு காயமுற்றவர் அவர். அவருடைய கண்டிப்பு தொண்டர்களுக்குக் கசந்தது. ஓயாத பயிற்சியின் பயன் அவர்களுக்கு அப்பொழுது புலப்படவில்லை.

அவ்வணியிடம் வெண்கலத்தாலான ஆறு ‘நெப்போலியன்’ பீரங்கிகள் இருந்தன. ஒவ்வொன்றும் 12 இறாத்தல் குண்டு எறியவல்லது. ஒரு பீரங்கியை இழுக்க ஆறு குதிரைகள். அதன் வெடிமருந்து வண்டிக்கு வேறு ஆறு. குதிரை வீழ்ந்தால் பீரங்கி நின்ற இடத்திலேயே நிற்கவேண்டியதுதான்.

1863 யூலை 2ஆந் திகதி, பென்சில்வேனியாவிலுள்ள கெற்றிஸ்பேர்க்கில் அவர்கள் முதன்முதலாகப் போர்முகங் கண்டனர். அன்று பிற்பகல் வடபடையின் முன்னணி குலைந்தது. காலாட்படையினர் பின்வாங்கினர். பீரங்கிகளைக் குதிரைகளிற் பூட்ட முயன்றால் எதிரி அதற்குள் வந்துவிடுவான். பிகலோ ஓர் உபாயஞ் செய்தார். பீரங்கிகளை நீண்ட கயிறுகளால் முன்வண்டிகளோடு பிணித்து, சுட்டுக்கொண்டே பின்செல்லப் பணித்தார். ஒவ்வொரு வேட்டும் பீரங்கியைப் பின்னே உதைத்தது. அவ்வுதைப்போடு குதிரைகளும் இழுத்தன. இவ்வாறு 400 யார் தூரம் வரையிற் கடந்து திரொசில் என்பவரது பண்ணையை அடைந்தனர். கசந்த பயிற்சி அங்கே கைகொடுத்தது.

ஆயினும் தப்பிச் செல்ல விடை கிடைக்கவில்லை. பீரங்கிப் படைத் தளபதி மக்கில்வரி விரைந்து வந்து, பின்னால் அணியொன்றும் இல்லை, புதிய பீரங்கி வரிசையொன்றை அமைக்குமட்டும் எவ்வாறாயினும் இவ்விடத்தைக் காத்தல்வேண்டும் எனக் கட்டளையிட்டார். பண்ணையின் கற்சுவர் மூலையில் நெருங்கிநின்று, தகரக் குவளைகளில் இரும்புக் குண்டுகள் அடைத்த வேட்டுக்களைத் தீர்த்தனர். மிசிசிப்பியின் 21ஆவது படைப்பிரிவினர் பீரங்கிகளின் மேலேயே பாய்ந்தனர். ஏறக்குறைய அரைமணி நேரம் கிடைத்தது. அதற்குள் பின்வரிசை உருவாயிற்று.

அதற்குக் கொடுத்த விலை என்ன? களத்தில் நின்ற நூற்றுச்சொச்சம் பேருள் 28 பேர் மாண்டோ, காயமுற்றோ, காணாமலோ போயினர். 88 குதிரைகளுள் 80 வீழ்ந்தன. நான்கு பீரங்கிகள் பறிபோயின. அவை அன்று மாலையே மீட்கப்பட்டன. காயமுற்று வீழ்ந்த பிகலோவை ஊதுகொம்பு வீரரான சாள்ஸ் றீட் குதிரையிலேற்றி, இருதிறத்தாரின் வேட்டுக்களுக்கும் இடையே மெல்ல நடத்திச் சென்று காப்பாற்றினார். அச்செயலுக்காக 1895இல் அவருக்கு அமெரிக்காவின் அதியுயர் வீரப்பதக்கம் வழங்கப்பட்டது.

அணி யுத்த முடிவுவரை பணியாற்றிக் கலைந்தது. பண்ணையருகே இன்று நினைவுக்கல் நிற்கின்றது. போருக்குச் சில நாட்களின்பின் எடுக்கப்பட்ட புகைப்படமொன்றும் உண்டு. அதில் வீட்டின் முற்றமெங்கும் குதிரைகள் மடிந்து கிடக்கின்றன.

சிலரைப் பலியிட்டுப் பலரைக் காத்தல் தகுமோ என்று மாணாக்கர் எம்மிடம் கேட்பதுண்டு. எளிதாக ‘ஆம்’ என்று விடையளிக்க எமக்கு நா எழுவதில்லை. பின்வரிசை அன்று உடைந்திருப்பின், அடிமைத்தளை அறும் நாளும் பிந்தியிருக்கக்கூடும். அத்தளையை நாடெங்கும் நீக்கிய அரசியலமைப்புத் திருத்தம் 1865 டிசம்பரில் நிறைவேறியது. அதனை மறவாதிருப்போம். அந்த முற்றத்தையும் மறவாதிருப்போம். தொண்டர்கள் தாமாக ஒப்பமிட்டு வந்தவர்கள். அக்குதிரைகளை எவரும் கேட்கவில்லை. பெற்றோர் தம் பிள்ளைகளுக்குப் போர்க்கதை சொல்லும்போது இவ்விரண்டையும் சேர்த்தே சொல்வார்களாக.