அயல் வீட்டுப் பயத்தை அளந்து பார்ப்போமா?



"இருட்டிய பிறகு உங்கள் பகுதியில் தனியாக நடந்து செல்வது எவ்வளவு பாதுகாப்பானது என்று உணர்கிறீர்கள்?" இப்படி ஒருவர் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? பிரித்தானியாவில் 1982இல் தொடங்கிய குற்ற ஆய்வில் மக்களிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. குற்றம் பற்றிய பயத்தை அளக்க வேறு நாடுகளிலும் இதையொத்த கேள்விகளையே கேட்டு வந்தார்கள்.

இக்கேள்வியில் குற்றம் என்ற சொல்லே இல்லை என்பதை 1987இல் ஃபெராரோ, லாகிரேஞ்ச் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். தெருநாய்க்கு அஞ்சுபவரும் கள்வனுக்கு அஞ்சுபவரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். இரவில் தனியே வெளியே போகும் வழக்கமே இல்லாத தாய்மார் எதை வைத்துப் பதில் சொல்வது? பிற்காலத்தில், "கடந்த ஓராண்டில் எத்தனை தடவை பயந்தீர்கள்?" என்று கேட்டுப் பார்த்தபோது, எண்ணியிருந்ததை விடப் பயம் குறைவாகவே தெரிந்தது.

கேள்வி சரியாக இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை நாமும் கண்டோம். 2011 ஆகஸ்டில், நோன்பு மாதத்தில், கிழக்கிலும் புத்தளத்திலும் 'கிறீஸ் மனிதன்' பற்றிய பேச்சு பரவியது. கண்டவர் யார், கேள்விப்பட்டவர் யார் என்று பிரித்தறிய முடியாமல் பயம் ஊருக்கு ஊர் தாவியது. பொலிசாருடன் மோதல்கள் மூண்டு உயிர்களும் போயின.

அதற்காகப் பெண்களின் பயத்தை வீண் பயம் என்று தள்ளிவிடக் கூடாது. தெருவில் அடிபடுவோரில் இளைஞர்களே அதிகம். பயப்படுவோரிலோ பெண்களே அதிகம் என்று மேற்கத்திய ஆய்வுகள் பல கூறுகின்றன. சிறு திருட்டுக்குப் பின்னாலும் மானத்துக்கு வரக்கூடிய ஆபத்தைப் பெண் நினைக்கிறாள் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று. அது நாம் அறியாததா?

ஆகவே, உங்கள் ஒழுங்கையில் உள்ள பத்து வீட்டுப் பெண்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். கடந்த மாதத்தில் எத்தனை நாள் பயந்தீர்கள்? எந்த இடத்தில், எதற்காக? அந்தப் பயத்தால் எதை நிறுத்தினீர்கள்?

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. மகளின் மாலை வகுப்பு நின்றிருக்கலாம். நோயுற்ற அயலவரைப் பார்க்கப் போவது நின்றிருக்கலாம். பயம் எவ்வளவு பெரியது என்பதை அந்த இழப்பே காட்டும். பலரும் ஒரே இடத்தைச் சொன்னால், அங்கே எரியாத வீதி விளக்கோ பற்றைக் காடான காணியோ இருக்கிறதா என்று பாருங்கள். பத்து வீட்டுப் பதிலையும் ஒரு தாளில் எழுதிப் பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் பிரதேச சபையிடமும் கொடுங்கள். "பயமாக இருக்கிறது" என்று சொன்னால் அனுதாபம் கிடைக்கும். இடத்தையும் எண்ணிக்கையையும் சொன்னால் விளக்கு எரிய வழி பிறக்கும்.

ஆனால் ஒருத்தி, "எனக்குப் பயம் தெருவில் அல்ல, வீட்டுக்குள்ளேதான்" என்று சொன்னால், அதைத் தாளில் எழுதாதீர்கள். அமானிதமாகக் காத்து, அவளுக்கு உதவக் கூடியவரிடம் அவளை அழைத்துச் செல்லுங்கள்.

அயலவர் நம்மால் அச்சமற்று வாழ்வதை நபி (ஸல்) அவர்கள் ஈமானோடு இணைத்துக் கூறியிருக்கிறார்கள். அந்த அச்சம் என்னவென்று கேட்டறிவதும் நம் கடமையே.