அழித்தெழுதும் தகடும் நமது அலட்சியமும்

அண்மையில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் நண்பர் ஒருவர் பெருமிதத்தோடு அறிவித்தார்: “எங்களிடமிருந்த சிற்றிதழ்களை எல்லாம் 2005இலேயே டிவிடியில் ஏற்றிவிட்டோம். இனி அவற்றுக்கு அழிவில்லை.” அரங்கம் கைதட்டியது. அந்த டிவிடிகளைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள் என்று கேட்டேன். பதில் வரவில்லை. அவர் கையிலிருந்த மடிக்கணினியில் தகடு செருகும் இடமே இல்லை.

தகட்டில் எழுதியாயிற்று என்றால் காப்பாற்றியாயிற்று என்பது நம் சூழலில் வேரோடிவிட்ட மூடநம்பிக்கை. அதை எதிர்த்தே இதை எழுதுகிறேன்.

அந்த ஆண்டுகளின் மடிக்கணினிகளை நினைத்துப் பாருங்கள். பலவற்றில் இருந்தது ‘காம்போ டிரைவ்’. அது டிவிடியைப் படிக்கும். எழுதச் சொன்னால் 700 மெகாபைட் சிடியில் மட்டுமே எழுதும். பின்பு டிவிடி ரைட்டர் வந்தது. கூடவே ஒரு குலச்சண்டையும் வந்தது. டிவிடி ஃபோரம் என்ற கூட்டமைப்பு ‘மைனஸ்’ தகட்டை முன்வைத்தது. சோனி, பிலிப்ஸ் முதலான நிறுவனங்கள் தனியே அணி சேர்ந்து ‘பிளஸ்’ தகட்டைக் கொண்டுவந்தன. இவற்றுக்கு அப்பால் டிவிடி-ரேம் என்று மூன்றாவது ஒன்று. பார்வைக்கு எல்லாம் ஒரே வட்டம். கொள்ளளவும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் ஒன்றை எழுதும் கருவி மற்றொன்றை ஏற்காது. இரண்டையும் எழுதும் கருவிகள் 2002 முதல் வரத் தொடங்கின என்றாலும், அதற்கு முன் வாங்கியவர்களுக்கு அதனால் பயனில்லை. உறையில் 4.7 ஜிகாபைட் என்று அச்சிட்டிருக்கும். விண்டோஸ் கணக்கில் அது 4.38 தான்.

‘தொழில்நுட்பம் மாறிக்கொண்டேதான் இருக்கும், இது இயற்கை’ என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. பிளஸும் மைனஸும் இயற்கையில் விளைந்தவை அல்ல. அவை சந்தைக்கான போட்டியில் விளைந்தவை. அதன் செலவை ஏற்றவர்கள் நாம்.

கோப்புகளின் பெயருக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். சிடியின் அடிப்படை வடிவமான ஐஎஸ்ஓ 9660, அதன் மிக எளிய நிலையில், பெயருக்கு எட்டு ஆங்கில எழுத்துகளையே அனுமதித்தது. மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ஜோலியட் நீட்டிப்பு யூனிகோடை ஏற்றது. ஆனால் 64 குறிகளுக்கு மேல் இடம் தரவில்லை. ‘புதுமைப்பித்தன்’ என்ற பெயர் நமக்கு எட்டு எழுத்து. யூனிகோடில் அது பதினைந்து குறி. இதழின் பெயர், கட்டுரைத் தலைப்பு, ஆசிரியர், மாதம், ஆண்டு என்று முறையாக எழுதப் போனால் 64 போதாது. விளைவு, ‘ஸ்கேன்001’, ‘ஸ்கேன்002’ என்று பெயரிட்டுவிட்டோம். இன்று தகடு திறந்தாலும் உள்ளே இருப்பது எந்த இதழ் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

நிறுவனங்களை மட்டும் குறைகூறித் தப்பித்துக்கொள்ள நான் விரும்பவில்லை. 2006இல் முதிய தெருக்கூத்து வாத்தியார் ஒருவரிடம் நான்கு மணிநேரம் பேசிப் பதிவுசெய்தேன். அதை சிடி-ஆர்டபிள்யூ தகட்டில், ஃப்ளாப்பியைப் போல இழுத்துப் போடும் முறையில் சேமித்தேன். அந்த முறையில் தகட்டைத் தயார்செய்யும்போதே நூறு மெகாபைட்டுக்கு மேல் கொள்ளளவு குறைந்துவிடும். பிற கணினிகள் படிக்குமா என்பதும் உறுதியில்லை. அழித்தெழுதும் தகட்டில் ஓர் உலோகக் கலவையைச் சூடாக்கிக் குளிர்வித்து எழுதுகிறார்கள். ஏறத்தாழ ஆயிரம் முறை அழித்தெழுதலாம் என்பதே அதன் சிறப்பு. அழிக்க வசதியாகச் செய்த ஒன்றில், அழியக் கூடாத குரலை வைத்தேன். எழுதிய மடிக்கணினி பழுதானது. வேறெந்தக் கணினியும் அந்தத் தகட்டைப் படிக்கவில்லை. வாத்தியார் 2011இல் மறைந்தார். பத்து ரூபாய் மிச்சப்படுத்த, இரண்டாவது பிரதி எடுக்காமல் விட்டவன் நான். இந்தக் குற்றத்தை எந்த நிறுவனத்தின் தலையிலும் சுமத்த முடியாது.

பனையோலை இதைவிட நீடித்தது என்று பழம்பெருமை பேசவும் நான் வரவில்லை. ஓலையும் செல்லரிக்கும், ஒடியும். அது தந்த வசதி, படிக்கக் கண் போதும் என்பது. அதைவிடப் பெரிய காரணம், நைந்துபோகும் முன்னரே யாரோ ஒருவர் புதிய ஓலையில் படியெடுத்தார் என்பது. 1887இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது, பெயர் தெரியாத அந்தப் படியெடுத்தவர்களால். படியெடுக்க ஆளில்லாத நூல்கள் பெயர் மட்டும் மிஞ்ச, மறைந்தன. பாதுகாத்தல் என்பது ஒருமுறை செய்து முடிக்கும் காரியமல்ல. தலைமுறைதோறும் செய்ய வேண்டிய உழைப்பு. தகடு நம்மிடமிருந்து பறித்தது அந்த உழைப்பைப் பற்றிய நினைவை.

2008இல் ஆப்பிள் தன் மேக்புக் ஏர் கணினியைத் தகட்டுக் கருவி இல்லாமலேயே வெளியிட்டது. பின்னர் மற்றவர்களும் அவ்வழியே சென்றார்கள். 2025 பிப்ரவரியில் சோனி, எழுதத்தக்க புளூரே தகடுகளின் உற்பத்தியை நிறுத்தியது. கதவுகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. உடனே ‘எல்லாவற்றையும் கிளவுடில் போட்டுவிட்டோம்’ என்று அடுத்த கைதட்டலுக்குத் தயாராகிறோம். மாதக் கட்டணம் நின்றால் கதவடைக்கும் வாடகை வீடு அது. அங்கும் ஒரு பிரதி இருக்கட்டும். அது மட்டுமே இருக்கக் கூடாது.

ஆகவே நண்பர்களிடம் என் கோரிக்கை எளியது. யுஎஸ்பியில் இணைக்கும் தகட்டுக் கருவி இன்னும் கடைகளில் கிடைக்கிறது. அலமாரியில் உறங்கும் தகடுகளை இந்த ஆண்டிலேயே வெளியே எடுங்கள். படிக்க முடிந்தவற்றை இரண்டு வன்தகடுகளில் ஏற்றி, இரண்டு வெவ்வேறு ஊர்களில் வையுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் உரிய பெயரிடுங்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். படிக்க முடியாமற்போனவற்றின் பட்டியலையும் மறைக்காமல் வெளியிடுங்கள். அந்த இதழின் அச்சுப்பிரதி வேறு யாரிடமாவது இருக்கலாம். என் பட்டியலில் முதலில் வருவது அந்தக் கூத்து வாத்தியாரின் நான்கு மணிநேரம். அதற்கு வேறு பிரதி எங்கும் இல்லை.