தேய்ந்த நாணயமும் தேய்த்த நாணயமும்

வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் வீட்டுப் பெட்டகங்களில் கிடந்த பழைய நாணயங்கள் கடைவீதிக்கு வந்து சேர்கின்றன. பெரும்பாலும் ஏதாவதொரு பழுதுடன்தான் வரும். அவற்றை வாங்கும் எமது வியாபாரிகளில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். "பழுதடைந்தது, நிறைக்குத்தான் எடுக்கலாம்" என்று தராசில் போடுவார்கள். இல்லாவிட்டால் தேசிக்காயும் புளியும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு விலை பேசுவார்கள். இரண்டுமே நட்டம் என்பது எனது கருத்து. முதலாமவர் விற்க வந்தவருக்குச் சேரவேண்டியதைக் கொடுக்காமல் விடுகிறார். இரண்டாமவர் தனது முதலைத் தானே அழித்துக்கொள்கிறார்.

பழுது என்ற ஒரே சொல்லுக்குள் பல சங்கதிகள் இருக்கின்றன. கைமாறிக் கைமாறித் தேய்ந்தது வேறு, மண்ணில் கிடந்து களிம்பு பிடித்தது வேறு, துளையிட்டதும் காது ஒட்டியதும் அரத்தால் அராவியதும் வேறு. நான் முதலில் கேட்பது, இந்தப் பழுதைச் செய்தது யார், எப்போது என்பதைத்தான். புழக்கத்தின் தேய்மானத்தைச் சேகரிப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பின்னாளில் ஒருவர் வேண்டுமென்றே செய்த பழுதே விலையை அதிகம் இறக்கும்.

பழுதுபோலத் தோன்றி, பழுதே அல்லாததும் உண்டு. வெள்ளிக் கம்பியை மடித்து வளைத்த லாரின் காசைப் பாருங்கள். பாரசீகத்தின் லார் நகரிலிருந்து பெயர் பெற்ற இது, கடல் வியாபாரத்தோடு இந்து சமுத்திரக் கரைகளில் பரவியது. கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681 இல் வெளியான தனது நூலில் தூண்டில் முள் வடிவிலான வெள்ளிக் காசைப் பற்றி எழுதியிருக்கிறார். வளைந்திருப்பதே அதன் வடிவம். நிமிர்த்திவிட்டால் கையில் மிஞ்சுவது வெறும் கம்பிதான். அதில் காணப்படும் உளி வெட்டுகளும் குறையல்ல. உள்ளே செம்பு இருக்கிறதா என்று அக்காலத்தவர் சோதித்த தழும்புகள் அவை. வெட்டுக்குள்ளும் வெள்ளி தெரிந்தால் அதுவே ஒரு சாட்சி.

எமது வீடுகளிலிருந்து வருவனவற்றில் பிரித்தானியர் காலத்து இந்திய ரூபாவுக்குத் தனி இடமுண்டு. இலங்கையிலும் அது செல்லுபடியான பணமாக இருந்தது. அதன் நிறை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். அதில் வெள்ளி நூற்றுக்கு 91.7 பங்கு. 1940 இல் இது பாதியாகக் குறைக்கப்பட்டது. 1947 இல் வந்த ரூபாவில் வெள்ளியே இல்லை, முழுக்க நிக்கல். அதைக் காந்தம் இழுக்கும். சரி, ஆண்டு தேய்ந்துபோன ஆறாம் ஜோர்ஜ் ரூபா ஒன்று வந்தால் என்ன செய்வது? முகத்தை விட்டுவிட்டு விளிம்பைப் பாருங்கள். சாதாரணப் பல் வெட்டு மட்டும் இருந்தால் அது முந்திய நல்ல வெள்ளி. பற்களின் நடுவே ஒரு பள்ளம் சுற்றி ஓடினால் அது பாதி வெள்ளி. கள்ள நாணயம் அடிப்பவர்களைத் தடுக்கவே அந்த விளிம்பைக் கொண்டுவந்தார்கள். இன்று அது தேய்ந்த நாணயத்தை அடையாளம் காண எமக்கு உதவுகிறது.

இலங்கையின் 50 சதத்தில் தராசு ஏமாற்றிவிடும். 1917 ஆம் ஆண்டு நாணயத்தில் வெள்ளி நூற்றுக்கு 80, 1919 ஆம் ஆண்டினதில் 55. ஆனால் இரண்டும் 5.83 கிராம்தான். ஆண்டைப் படிக்காமல் நிறைக்கு விலை சொல்பவர் யாருக்கோ அநியாயம் செய்கிறார்.

காது ஒட்டிய நாணயங்கள்தான் அதிகம் சண்டை மூட்டுகின்றன. தங்கப் பவுண் நாணயத்தில் காது பெரிய நட்டமல்ல. 7.98 கிராம், 22 கரட் என்ற கணக்கு அதன் விலையைத் தாங்கிப் பிடிக்கும். காதின் நிறையை மட்டும் கழித்துவிட வேண்டும். ஆனால் ஒருபுறம் நான்காம் ஜோர்ஜ் மன்னனும் மறுபுறம் யானையும் கொண்ட 1821 ஆம் ஆண்டின் வெள்ளி றிக்ஸ்டொலரில் இதே காது பெரும் சேதம். அதன் விலை வெள்ளியில் இல்லை, நிலைமையில் இருக்கிறது. காதைக் கழற்றி, அந்த இடத்தை மெருகிட்டு விற்பவர்களும் உண்டு. நல்ல பூதக்கண்ணாடியில் விளிம்பைச் சுற்றிப் பார்த்தால் பற்றாசின் நிறம் காட்டிக் கொடுத்துவிடும்.

செப்புக் காசுகளுக்குத் தேசிக்காயே எமன். பொலன்னறுவை, தம்பதெனியா மன்னர்களின் காசுகளில் ஒருபுறம் நிற்கும் மன்னன், மறுபுறம் அமர்ந்த மன்னன். அருகே தேவநாகரியில் பெயர். பராக்கிரமபாகுவின் காசும் லீலாவதி அரசியின் காசும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பிரித்துக் காட்டுவது அந்த எழுத்துகள்தான். உருவம் மங்கினாலும் இரண்டு எழுத்துகள் மிஞ்சினால், 1924 இல் வெளிவந்த கொட்றிங்டனின் நூலோடு ஒப்பிட்டுப் பெயரைக் கண்டுபிடிக்க வாய்ப்புண்டு. தேய்த்தால் அந்த இரண்டும் போய்விடும். கெட்டியான கரும்பச்சைப் படலம் காசைக் காக்கிறது, அதைத் தொடாதீர்கள். வெளிறிய பச்சையில் தூளாக உதிர்வது நோய். ஈரத்தில் அது செம்பைத் தின்றுகொண்டே போகும். அத்தகைய காசைப் பிரித்து, ஈரம் படாமல் வையுங்கள்.

விலைக்கு எனது கணக்கு இதுதான். உலோகத்தின் விலை அடிமட்டம். துளையிட்ட சாதாரண ரூபாவுக்கு அதற்கு மேல் நான் கொடுப்பதில்லை. நல்ல நிலையில் சந்தைக்கே வராத காசு என்றால், துளையோடு வந்தாலும் போட்டி போட்டு வாங்க ஆளிருக்கும். குறையை மறைத்து விற்கக் கூடாது என்பதை எமது வாசகர்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் நாணயத்தில் மறைப்பு "சுத்தம் செய்தல்" என்ற பெயரில் நடக்கிறது. துளை அடைத்தது, காது கழற்றியது, மெருகிட்டது எதுவானாலும் பற்றுச்சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்ட நாணயங்கள் தொல்பொருட்கள். அனுமதிப்பத்திரமின்றி அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. கலாசாரப் பொருட்களை விற்பவர்கள் அனுமதிப்பத்திரம் பெறுவது பற்றி 1988 இல் தனிச்சட்டமும் வந்தது. காலியில் உல்லாசப் பிரயாணி ஒருவர் கேட்கிறார் என்பதற்காகத் தேய்ந்த செப்புக் காசொன்றை நீட்டுமுன், அது எந்த மன்னனுடையது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எவ்வளவு பழுதடைந்திருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது தொல்பொருளே.