காதுக்கு எவ்வளவு, கண்ணுக்கு எவ்வளவு?

எங்கள் ஆபீஸில் குமரேசன் என்று ஒரு பையன். வயசு 28. வீட்டில் ஜாதகம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். போன மாதம் லஞ்ச் டயத்தில் டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன்னால் ஒரு காகிதக் கட்டைத் திறந்தான்.

"சார், ஒரு ஆம்ப்ளிஃபயர் பார்த்து வெச்சிருக்கேன். ரெண்டேகால் லட்சம். 14 விமர்சனம் படிச்சாச்சு. 14 பேரும் ஆஹா ஓஹோங்கறாங்க."

"நீ கேட்டியாப்பா?"

"எதை சார்?"

"ஆம்ப்ளிஃபயரை."

"கடைக்கு இனிமேதான் சார் போகணும்."

அதாவது, பெண்ணைப் பார்க்காமலே, பார்த்துவிட்டு வந்த 14 பேர் சொன்னதை நம்பி முகூர்த்தம் குறித்துவிட்டான். பணம் ஏது என்று விசாரித்தேன். மூணு வருஷ போனஸ். கல்யாணச் செலவுக்கென்று எடுத்து வைத்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. காரணம், இதே பள்ளத்தில் நான் ஏற்கெனவே விழுந்து எழுந்தவன்.

அது 1997. திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோடு பிளாட்பாரத்தில் பழைய ஃபாரின் ஆடியோ பத்திரிகை ஒன்று 10 ரூபாய்க்குக் கிடைத்தது. அதில் ஒரு ஜோடி ஸ்பீக்கருக்கு அஞ்சு ஸ்டார். இசைக்கும் தனக்கும் நடுவிலிருந்த திரையே விலகிவிட்டதாக உருகியிருந்தார் விமர்சகர். (ஆடியோ விமர்சனங்களில் எல்லா இதழிலும் ஒரு திரை விலகும். திரௌபதி சேலை மாதிரி உள்ளே இன்னும் எத்தனை இருக்கிறதோ!) சொசைட்டியில் லோன் போட்டு, 36 மாதப் பிடித்தத்தில் வாங்கிவிட்டேன்.

நங்கநல்லூரில் 12-க்கு 10 அறை. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' போட்டேன். திரை விலகவில்லை. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. பேஸ் கீழே இறங்கும்போதெல்லாம் வீட்டுக்குள் லாரி ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி ஒரு 'ஊம்'. சமையலறையிலிருந்த மனைவிகூட வித்தியாசத்தை உணர்ந்து ஓடி வந்தாள் என்று விமர்சனங்களில் ஒரு வரி தவறாமல் வரும். என் மனைவியும் வந்தாள்.

"என்னங்க, கிரைண்டரை ஆஃப் பண்ணாம விட்டுட்டேனா?" என்றாள்.

ஸ்பீக்கர் மேல் தப்பில்லை. எதிரெதிர் சுவர்கள் 12 அடி இடைவெளியில் இருந்தால், சுமார் 47 ஹெர்ட்ஸ் சத்தம் அவற்றுக்கு நடுவே மோதி மோதித் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும். பௌதிகம். விமர்சகர் கேட்டது அவருடைய ஹாலில். அது என் மொத்த ஃப்ளாட்டை விடப் பெரிசு என்று பத்திரிகையில் போட்டிருந்த ஃபோட்டோவிலேயே தெரிந்தது. நான் ஸ்டாரைத்தான் எண்ணினேன், ஹாலைப் பார்க்கவில்லை.

இதை யாரிடமாவது சொன்னேனா? மூச்! வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் "திரை விலகறதைக் கவனிச்சீங்களா?" என்று கேட்டேன். காபி குடித்த தோஷத்துக்கு அவர்களும் தலையாட்டினார்கள். வாங்குவதற்கு முன் அந்த விமர்சனத்தை மூணு தடவை படித்திருப்பேன். வாங்கின பிறகு முப்பது தடவை. விமர்சனத்தின் முக்கிய உபயோகமே இதுதானோ என்று எனக்குச் சந்தேகம். வாங்குவதற்கு அல்ல, வாங்கினதை நினைத்து அழாமலிருப்பதற்கு.

இந்தத் துறை நல்ல எண்ணத்தோடுதான் ஆரம்பித்தது. 1962-ல் அமெரிக்காவில் ஜே. கார்டன் ஹோல்ட் 'ஸ்டீரியோஃபைல்' பத்திரிகையைத் தொடங்கினார். மீட்டர் காட்டும் எண்கள் மட்டும் போதாது, காதால் கேட்டு உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்பது அவர் கட்சி. 1973-ல் 'தி அப்சல்யூட் சவுண்ட்' தொடங்கிய ஹாரி பியர்சன், மைக் இல்லாமல் நேரில் கேட்கிற இசைதான் உரைகல் என்றார். இரண்டுமே நியாயம். ஆனால் காதைத் தீட்டிக்கொண்டவர்கள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. வினை அங்கேதான் வந்தது.

1987-ல் 'ஸ்டீரியோ ரிவ்யூ' பத்திரிகை ஒரு காரியம் செய்தது. சுமார் 220 டாலர் ரிசீவரிலிருந்து 12,000 டாலர் வால்வு செட் வரை பல ஆம்ப்ளிஃபயர்கள். சத்தத்தை ஒரே அளவில் வைத்து, எது பாடுகிறது என்று சொல்லாமல் கேட்கச் சொன்னார்கள். வந்தவர்களில் நம்புகிறவர்களும் உண்டு, நம்பாதவர்களும் உண்டு. முடிவு? கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தால் எவ்வளவு தேறுமோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான் தேறியது.

ஸ்பீக்கர் விஷயம் வேறு. அதில் நிஜமாகவே வித்தியாசம் உண்டு. ஆனால் 1994-ல் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ஒரே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்து ஒரு தடவையும், எதிரே வைத்து ஒரு தடவையும் மார்க் போடச் சொன்னார்கள். எதிரே பார்த்ததும் பெரிய, அழகான பெட்டிகளுக்கு மார்க் ஏறியது. மறைத்து வைத்தபோது நல்ல மார்க் வாங்கிய மலிவு செட்டுக்கு இறங்கிவிட்டது. கேட்டவர்கள் பாமரர்கள் அல்ல, ஸ்பீக்கர் கம்பெனி ஆட்களே!

லேட்டஸ்ட் கூத்து 2022-ல். கலிபோர்னியாவின் 'மொபைல் ஃபிடெலிட்டி' கம்பெனியின் இசைத்தட்டுகளை, டிஜிட்டல் கலப்படமில்லாத சுத்த அனலாக் என்று ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தட்டு 125 டாலர் வரை. அதில் பல தட்டுகளுக்கு 2011-லிருந்தே நடுவில் டிஜிட்டல் பிரதி எடுத்துத்தான் தயாரிக்கிறோம் என்று கம்பெனி இன்ஜினியர்களே ஒப்புக்கொண்டார்கள். டிஜிட்டலை ஒரு மைல் தூரத்திலேயே கண்டுபிடிப்போம் என்றிருந்த பொற்காதுகள், 11 வருஷமாக அதைத்தான் ரசித்துக்கொண்டிருந்தன.

இதையெல்லாம் குமரேசனிடம் சொன்னேன். "எனக்குக் கேக்கும் சார்" என்றான். சரி, பரீட்சை வைத்துவிடுவோம் என்றேன்.

கடைக்காரர் நல்ல மனுஷர். டெபாசிட் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஆம்ப்ளிஃபயரைக் கொடுத்தார். எதிர்க்கட்சிக்கு என் பழைய ரிசீவர், செகண்ட்ஹாண்டில் 15,000 ரூபாய்க்கு வாங்கியது. இரண்டையும் ஒரு வேட்டிக்குப் பின்னால் வைத்தோம். எலெக்ட்ரிகல் செக்‌ஷன் நண்பர் மல்டிமீட்டரால் அளந்து சத்தத்தைச் சமப்படுத்தினார். இது ரொம்ப முக்கியம். ஒன்று லேசாக உரக்கப் பாடினால்கூட, காது அதை 'உரக்க' என்று சொல்லாது, 'நல்லா இருக்கு' என்று சொல்லும். கடைகளில் இந்தச் சூட்சுமம் தெரிந்தவர்கள் உண்டு.

என் பையன் நாணயத்தைச் சுண்டிப் பார்த்து வயரை மாற்றி மாற்றிச் செருகினான். 10 தடவை. குமரேசன் 5 சரி, 5 தப்பு. அடுத்து, இதில் 25 வருஷம் அனுபவமுள்ள நான். 4 சரி.

"அப்பா, அந்த நாணயத்துக்கிட்டயே கேட்டிருக்கலாம்" என்றான் பையன்.

குமரேசன் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டான்: "சார், வீட்ல நான் கண்ணைத் திறந்துக்கிட்டுத்தானே பாட்டு கேக்கப்போறேன்? அந்த நீல மீட்டர் ஆடறதைப் பார்த்தாலே சந்தோஷமா இருக்கு. அது தப்பா?"

நல்ல கேள்வி. தப்பே இல்லை. மோர் எதில் குடித்தாலும் மோர்தான். வெள்ளி டம்ளரில் குடித்தால் ஒரு சந்தோஷம். ஆனால் காசு டம்ளருக்குப் போகிறது என்று தெரிந்து கொடுக்க வேண்டும். பில்லைப் பிரித்து எழுதிக் காட்டினேன். காதுக்கு 15,000. கண்ணுக்கு 2,10,000.

அப்படியானால் விமர்சனமே வேண்டாமா? வேண்டும். சினிமா விமர்சனம் மாதிரிதான். நாலைந்து தடவை பார்த்து, எந்த விமர்சகர் ரசனை நம் ரசனையோடு ஒத்துப்போகிறது என்று தெரிந்துகொள்கிறோம் இல்லையா, அதேதான். புகழ்ச்சியைத் தாண்டிவிட்டு, புகார் இருந்தால் அதை இரண்டு தடவை படியுங்கள். அளந்த எண்களும் வரைபடமும் இருந்தால் பாருங்கள். எவ்வளவு பெரிய அறையில் கேட்டார் என்று தேடுங்கள். அப்புறம் மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். முதலில் ஸ்பீக்கருக்குச் செலவு செய்யுங்கள். ஆம்ப்ளிஃபயருக்கு வாட்ஸ் போதுமா என்று மட்டும் பார்த்தால் போதும். பாக்கிப் பணத்தில் தடியான கர்ட்டன், கம்பளம், ஒரு புஸ்தக அலமாரி. எதிரொலியும் இரைச்சலும் குறையும். பேஸ் 'ஊம்' போடுவதற்கு ஸ்பீக்கரையும் நாற்காலியையும் நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். என் 1997 ஸ்பீக்கரை மூலையிலிருந்து இரண்டடி இழுத்து வைத்ததும் லாரி பாதி தூரம் போய்விட்டது. இதற்கு யாரும் அஞ்சு ஸ்டார் கொடுப்பதில்லை, காரணம் இதை விற்க முடியாது.

திங்கட்கிழமை லஞ்ச் டயத்தில் குமரேசன் டிபன் பாக்ஸை மட்டும் திறந்தான்.

"என்னப்பா, ஆம்ப்ளிஃபயர் என்னாச்சு?"

"கடையில திருப்பிக் கொடுத்துட்டேன் சார்."

"ஏன்?"

"ஜாதகம் பொருந்தலை."