டர்போவைக் கடைசியில் வாங்குவோம்

“குடும்பம் ஏறிச் செல்லும் காருக்கு டர்போ எதற்கு?” என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். “கையில் காசு இருந்தால் ஒரே வாரத்தில் பொருத்திவிடலாம்” என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். இயந்திரவியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இவ்விரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை. ஒரு சாதாரண காரின் இயந்திரத்தைப் பிரித்து, அளந்து, கணக்கிட்டு, டர்போவுக்கு ஏற்றதாய் மீண்டும் கட்டுவது நல்லதொரு கல்வி. கணக்கில்லாமல் பொருத்துவதோ பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் அம்மாவையும் தம்பி தங்கையரையும் பணயம் வைக்கும் செயல்.

டர்போ புதிய கண்டுபிடிப்பன்று. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பியூகி 1905ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். இயந்திரத்திலிருந்து வீணாக வெளியேறும் சூடான புகையைக் கொண்டு ஒரு சிறு சுழலியைச் சுற்றவிடுகிறோம். அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி உருளைகளுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் எரிபொருளைக் கூட்டலாம். எரிபொருள் கூடினால் ஆற்றல் கூடும். தத்துவம் இவ்வளவுதான். ஆனால், அந்தத் தண்டு நிமிடத்திற்கு 100,000 சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடியது என்பதையும், ஓயாமல் பாயும் எண்ணெய்தான் அதைக் காக்கிறது என்பதையும் மறந்துவிடக்கூடாது.

இனி ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். டர்போ 0.5 பார் அழுத்தம் கூட்டினால், வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்து 1.5 பார் ஆகிறது. “அப்படியானால் 50 விழுக்காடு கூடுதல் காற்று” என்று பலர் மகிழ்ந்துவிடுகிறார்கள். மிதிவண்டிக்குக் காற்றடித்தால் பம்பு சுடுவதுபோல், அமுக்கப்படும் காற்றும் சூடேறும். நம் நாட்டின் 30 பாகை செல்சியஸ் வெயிலில் உள்ளே போகும் காற்று, 70 விழுக்காடு திறனுடைய டர்போவிலிருந்து ஏறத்தாழ 80 பாகையைத் தாண்டி வெளிவரும். சூடான காற்று விரிவடைவதால் உண்மையில் கிடைப்பது 28 விழுக்காடு அளவே. இடையில் இன்டர்கூலர் வைத்து 45 பாகைக்குக் குளிர்வித்தால் அது 40 விழுக்காட்டைத் தாண்டும். ஆகவே இன்டர்கூலர் என்பது முன்பக்கத்தில் பளபளக்கும் அலங்காரமன்று. அதுவே பாதி வேலையைச் செய்கிறது.

காற்று 40 விழுக்காடு கூடினால் பெட்ரோலும் குறைந்தது அதே அளவு கூட வேண்டும். பழைய எரிபொருள் பம்பும் இன்ஜெக்டரும் அதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. பெட்ரோல் பற்றாமல் போனால் எரிதல் அளவுக்கு மீறிச் சூடாகும். தீப்பொறியைத் தொடர்ந்து சீராக எரிய வேண்டிய கலவையின் ஒரு பகுதி தானாகவே வெடிக்கும். பட்டறைகளில் ‘நாக்கிங்’ என்பார்கள். சுத்தியலால் அடிப்பது போன்ற அந்த அதிர்ச்சி பிஸ்டனின் வளையப் பகுதியை உடைக்கும். வெப்பம் பிஸ்டனில் ஓட்டையே போட்டுவிடும்.

பெரிய நிறுவனங்களுக்கும் இந்தப் பாடம் எளிதில் கிட்டவில்லை. 1962இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், டர்போ பொருத்தி விற்பனைக்கு வந்த முதல் கார்களுள் ஒன்று. அதன் அமுக்க விகிதம் 10.25. அந்த உயர்ந்த விகிதத்தில் நாக்கிங்கைத் தடுக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டியிருந்தது. உரிமையாளர்கள் பலர் ஊற்ற மறந்தார்கள். 1963ஆம் ஆண்டோடு அந்தக் கார் நின்றுபோனது.

நம் நாட்டு உதாரணம் இன்னும் தெளிவானது. புரோட்டோன் நிறுவனம் தனது 1.6 லிட்டர் கேம்ப்ரோ இயந்திரத்திற்கு டர்போ பொருத்தி 2011 இறுதியில் எக்ஸோரா போல்டிலும், 2012இல் பிரெவே செடானிலும் விற்பனைக்கு விட்டது. அதற்காகப் பிஸ்டனின் ஓட்டத்தை 88 மில்லிமீட்டரிலிருந்து 86ஆகக் குறைத்தது. அமுக்க விகிதத்தை 10இலிருந்து 8.9ஆக இறக்கியது. அதன் பின்னரே 150 நியூட்டன் மீட்டராக இருந்த முறுக்குவிசை 205ஆக உயர்ந்தது. சோதனைக்கூடம் வைத்திருக்கும் தொழிற்சாலையே இயந்திரத்தின் உள்ளுறுப்புகளை மாற்றிய பிறகுதான் துணிந்தது. நாம் மட்டும் வெளியே ஒரு டர்போவை மாட்டிவிட்டு, ‘தாங்கும்’ என்று எந்த நம்பிக்கையில் சொல்கிறோம்?

இயந்திரம் தாங்கினாலும் கார் தாங்குமா? வேகம் கூடும்போது இயக்க ஆற்றல் அதன் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடும். நெடுஞ்சாலை வரம்பான மணிக்கு 110 கிலோமீட்டரில் போகும் காரை நிறுத்த பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல், 155 கிலோமீட்டரில் இரு மடங்காகிவிடும். பிரேக்கோ பழைய பிரேக்தான்!

ஆகவே, என் கருத்தில் பணம் செலவழிக்க வேண்டிய வரிசை இதுதான். முதலில் ஒவ்வோர் உருளையின் அழுத்தத்தையும் அளந்து இயந்திரத்தின் உடல்நிலையை அறிய வேண்டும். அடுத்து பிரேக், டயர், ரேடியேட்டர். பிறகு பிஸ்டன், கேஸ்கெட். அதன் பின் எரிபொருள் பம்பு, இன்ஜெக்டர், கட்டுப்பாட்டுக் கணினி, கலவையை அளக்கும் கருவி. டர்போ கடைசி. சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியையும், காப்புறுதி நிறுவனத்திற்குத் தெரிவிப்பதையும் வேலை தொடங்கும் முன்பே கவனிக்க வேண்டும். வேகத்தைச் சோதிக்க வேண்டிய இடம் பந்தயத் தடம், தாமான் சாலையன்று.

இவ்வரிசைப்படி பட்ஜெட் போட்டுப் பார்த்தால் பலருக்கு டர்போ வாங்கும் கட்டமே வராது. வராவிட்டாலும் நட்டமில்லை. நல்ல பிரேக்கும், உடல்நலமுள்ள இயந்திரமும், அதன் ஒவ்வொரு பாகத்தையும் அறிந்த ஓட்டுநரும் அந்தக் குடும்பத்திற்குக் கிடைத்திருப்பார்கள்.

பட்டறைகளில் நம் இளைஞர்கள் பலர் ஓசையைக் கேட்டே கோளாற்றைச் சொல்லிவிடுகிறார்கள். விரிவுரை மண்டபத்தில் நாம் சூத்திரங்களை மனப்பாடம் செய்கிறோம். அவர்களின் கைத்திறனும் நம் கணக்கும் ஒரே மேசையில் அமர வேண்டும். மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று சொன்னவர் வள்ளுவர். அவர் அதை வைத்த அதிகாரத்தின் பெயர் வலியறிதல். வலிமையைக் கூட்ட விரும்புவோர் முதலில் வலிமையை அறிவோம்!