பள்ளித் தோட்டம் யாருடையது?

ஜூன் 5-ஆம் தேதி உலகச் சுற்றுச்சூழல் நாள். அதையொட்டிப் பள்ளிகளில் மரக்கன்று நடும் காட்சி ஆண்டுதோறும் மாறாமல் அரங்கேறுகிறது. சிறப்பு விருந்தினர் குழியில் கன்றை வைக்கிறார். தலைமையாசிரியர் நீர் ஊற்றுகிறார். மாணவர்கள் வரிசையில் நின்று கைதட்டுகிறார்கள். புகைப்படம் எடுத்து முடிந்ததும் கன்று தனித்து விடப்படுகிறது. குழந்தைகளுக்குச் செடிகொடிகளில் நாட்டமில்லை, கைப்பேசியே கதியென்று கிடக்கிறார்கள் என்று வருந்துகிறோம். அந்தக் குழியில் அவர்களுக்கு என்ன பங்கு கொடுத்தோம் என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அரசிடம் எண்ணம் இல்லாமல் இல்லை. மதிய உணவுத் திட்டத்தோடு இணைத்துப் பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைப்பதற்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2019-இல் வெளியிட்டது. தமிழ்நாட்டிலோ விளைந்ததைச் சமைக்கச் சத்துணவுக் கூடம் பெரும்பாலும் பள்ளி வளாகத்திலேயே இருக்கிறது. ஆனால், நெறிகள் தோட்டத்தைப் பள்ளிக்கு வழங்கினவே தவிர, குழந்தைக்கு வழங்கினவா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. நான் பார்த்த ஒரு பள்ளியில் தோட்டம் பசுமையாகவே இருந்தது. கம்பி வேலிக்கு வெளியே நின்று பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். 'செடிகளைத் தொடாதே' என்று ஒரு பலகையும் இருந்தது. ஆய்வுக்கு வரும் அதிகாரிக்காக வளர்ந்த தோட்டம் அது.

ஆறு வயதுக் குழந்தையின் காலக் கணக்கு வேறு. வேம்பும் புங்கையும் நிழல் தருவதற்குள் அக்குழந்தை அப்பள்ளியை விட்டே போயிருக்கும். வெந்தயம் மூன்று நான்கு நாள்களில் முளைத்துவிடும். முள்ளங்கி ஒரு வாரத்துக்குள் தலைகாட்டும்; ஒன்றரை மாதத்தில் பிடுங்கிவிடலாம். முளைக்கீரை ஒரு மாத அளவில் சட்டிக்கு வந்துவிடும். வெண்டை, அவரை, பூசணி ஆகியவற்றின் விதைகள் பெரியவை. சிறு விரல்களுக்குத் தோதானவை. கத்தரியையும் மிளகாயையும் நாற்றுவிட்டுப் பிடுங்கி நட வேண்டும்; முதலாண்டில் அவற்றை விட்டுவிடலாம். தன் கையால் போட்ட விதை தன் தட்டுக்கு வரும்போதுதான், கீரையை ஒதுக்கும் பிள்ளையும் அதை ஒரு வாய் சுவைத்துப் பார்க்கத் துணியும்.

ஜப்பானில் முதல் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு தொட்டியில் 'அசகாவோ' என்னும் பூங்கொடியை வளர்ப்பது நெடுநாள் வழக்கம். முதலிரண்டு வகுப்புகளுக்கு அறிவியலையும் சமூகவியலையும் நீக்கிவிட்டு, 1992 முதல் 'வாழ்க்கைக் கல்வி' என்ற ஒரே பாடமாக அங்கு நடத்துகிறார்கள். இக்கொடி வளர்ப்பும் அதில் ஓர் அங்கம். முளை வந்ததையும் மொட்டு விட்டதையும் குழந்தை படம் வரைந்து குறித்து வைக்கிறது. கோடை விடுமுறையில் தொட்டி வீட்டுக்குப் போகிறது. விளைந்த விதைகளை அடுத்த ஆண்டு சேரும் பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் உண்டு. இதில் என்னை ஈர்ப்பது அந்த 'ஆளுக்கொரு தொட்டி'தான். நாற்பது பேருக்குப் பொதுவான பாத்தி வாடினால் அது யாருடைய கவலையும் இல்லை. நம் ஊரில் இதற்கு விலைகொடுத்துத் தொட்டி வாங்க வேண்டியதில்லை. ஓட்டையிட்ட பழைய வாளியோ எண்ணெய் டின்னோ போதும்.

பெற்றோரின் தயக்கத்தையும் நேர்மையாகப் பேச வேண்டும். 'படிக்க அனுப்பினால் மண் அள்ள வைக்கிறார்களே' என்ற முணுமுணுப்பை அறியாமை என்று தள்ளிவிட இயலாது. கழிப்பறை கழுவும் வேலை ஒடுக்கப்பட்ட சமூகப் பிள்ளைகளின் தலையில் சுமத்தப்பட்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம். மண்வெட்டியிலிருந்து தப்பிக்கத்தான் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினோம் என்று ஒரு கூலித் தொழிலாளி சொன்னால், அவரிடம் இயற்கையின் பெருமையை விளக்குவது அபத்தம். தோட்டப் பணி எவருக்கும் தண்டனையாகக் கூடாது. அனைவர் பெயரும் முறைவைத்துச் சுவரில் எழுதப்பட வேண்டும். பெண்பிள்ளை நீரூற்ற, ஆண்பிள்ளை கொத்துவது என்ற பாகுபாடும் வேண்டாம். ஆசிரியரின் கையிலும் மண் ஒட்டட்டும்.

இனி நீர். நம் பள்ளித் தோட்டங்கள் பெரும்பாலும் மே மாதத்தில் சாகின்றன. அக்னி நட்சத்திர வெயிலில் பூட்டிய வளாகத்துக்குள் போய் நீரூற்ற யார் இருக்கிறார்கள்? தோட்டத்தை ஆண்டு முழுவதும் காக்க முயல்வதே வீண் என்பது என் கருத்து. ஆடிப்பட்டத்தில் விதைத்துத் தை, மாசிக்குள் எடுத்துவிட்டு, விதையை உலர்த்திச் சாம்பலோடு கலந்து டப்பாவில் அடைத்துவிட்டால், ஏப்ரலில் பாத்தி காலியாகக் கிடக்கலாம், குற்றமில்லை. கல்வித்துறை ஜூன் 5 விழாவுக்குச் சுற்றறிக்கை அனுப்புவதற்குப் பதிலாக, ஆடி முதல் வாரத்துக்கு ஒன்று அனுப்பட்டும். ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து அதற்குள் ஐந்தாறு வாரங்கள் கிடைக்கின்றன. மண்ணைக் கொத்தி, எருவிட்டு, ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு குழந்தையின் பெயரை எழுதி வைக்க அது போதும்.